மச்சு பிச்சு: கண்ணால் பார்த்ததும், திரும்பி வந்து படித்ததும்

மலைமேகம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சென்ற மே மாதம் நானும் என் கணவரும் பெரு நாட்டுக்குச் சென்று, இன்காக்களின் பழைய தலைநகரான கூஸ்கோவில் நான்கு நாள்களும், அவர்கள் மலை முகட்டில் கட்டிய பழைய ஊரான மச்சு பிச்சுவில் இரண்டு நாள்களும் தங்கித் திரும்பினோம். நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். வரும் பருவத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே பேரரசு நடத்திய இன்காக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறேன். அதற்கு முன் என் குழப்பங்களை இங்கே வைக்கிறேன்.

காலை முதல் பேருந்தில் ஏறி மேலே சென்றபோது ஊரே தெரியவில்லை. நான்கடி தள்ளி நின்ற கணவரின் முகம்கூட மூடுபனியில் மங்கிப்போயிருந்தது. அரை மணி நேரம் ஒரு சுவரின் அருகே காத்திருந்தோம். சுவரைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெரிய கல்லின் மூலையை அடுத்த கல்லுக்குள் குடைந்து பொருத்தியிருந்த இடத்தில், பனியின் ஈரம் திரண்டு மயிரிழை போல ஒரு கோடாக நின்றது. அந்த ஈரக்கோடு இல்லாவிட்டால் அங்கே இரண்டு கற்கள் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பிறகு பனி விலகி, கீழே உருபம்பா ஆறும் எதிரே வாய்னா பிச்சு சிகரமும் ஒருசேரத் தெரிந்தபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

எங்கள் வழிகாட்டி கெச்சுவா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். ‘மச்சு’ என்றால் மூத்தது, ‘வாய்னா’ என்றால் இளையது, ‘பிச்சு’ என்றால் சிகரம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் வேறு மூன்று செய்திகளும் சொன்னார். இது ஸ்பானியரிடமிருந்து தப்பிய இன்கா அரசர்களின் கடைசிப் புகலிடம். இங்கே கிடைத்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை சூரியனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கன்னியருடையவை. 1911இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராம் பிங்காம் கண்டுபிடிக்கும்வரை உலகம் இதை மறந்திருந்தது. ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தால் மூன்றுமே நிற்கவில்லை. வழிகாட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நூறு ஆண்டுகளாகப் புத்தகங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது? இதைக் கட்டியவர் யார், எப்போது, எதற்காக? இத்தனை மழை பெய்யும் மலை முகட்டில் ஓர் ஊர் ஐந்நூறு ஆண்டுகளாகச் சரிந்து விழாமல் நிற்பது எப்படி? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள், நான் அவசரப்படவில்லை.

---

நீர்வழி எழுதியது:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். மலைச்சாலைகளில் வடிகால், தாங்குசுவர் ஆகிய பணிகளில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். 2017இல் அங்கே சென்றிருந்தபோது சிகரங்களைவிடச் சுவர்களின் அடியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2430 மீட்டர் உயரத்தில், இரண்டு சிகரங்களுக்கு இடையே குதிரைச் சேணம் போல வளைந்த ஒரு முகடு. மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும் பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு 1900 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதிலும் பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கொட்டுகிறது. போதாக்குறைக்கு, பாறைப் பிளவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஊரே அமைந்திருக்கிறது. நிலநடுக்கமும் அந்த நாட்டுக்குப் புதிதில்லை. இன்றைய பொறியாளரிடம் இந்த இடத்தைக் காட்டினால் வேறு இடம் பாருங்கள் என்றுதான் சொல்லுவார். ஆனால் அதே பிளவுகள்தான் கல்லை வெட்டும் வேலையைப் பாதியாகக் குறைத்தன. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கருங்கல்லை நெம்பி எடுத்து, அதைவிடக் கடினமான உருண்டைக் கற்களால் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரும்பு அவர்களிடம் இல்லை. வெண்கலக் கருவிகள் இருந்தன. பாரம் இழுக்கச் சக்கர வண்டியும் இல்லை.

கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளரும் ஆல்ஃப்ரெதோ வலென்சியா என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளரும் 1990களில் அந்த ஊரின் நீர் அமைப்பை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். கட்டுமான உழைப்பில் அறுபது விழுக்காடு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது ரைட்டின் கணிப்பு. படிப்படியாக இறங்கும் அடுக்கு வயல்களை எல்லோரும் படம் எடுக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொரு வயலும் ஒரு வடிகட்டி. மேலே வளமான மண், அதன் கீழே மணலும் சரளையும், அதற்கும் கீழே பெரிய கற்கள், முன்னால் சற்றே உள்நோக்கிச் சாய்ந்த தாங்குசுவர். மழை மேற்பரப்பில் ஓடி மண்ணை அரித்துச் செல்லாமல் கீழே இறங்கி, அடுத்த படிக்கு மெதுவாகக் கசிகிறது. சுவரின் பின்னால் தண்ணீர் தேங்குவதே மலைச்சுவர்களின் சாவு. எங்கள் தொழிலில் விழுந்த சுவர்களில் பத்துக்கு ஒன்பது அப்படி விழுந்தவைதான். இன்காக் கொத்தர்கள் அந்த ஒன்றை மட்டும் நேரவிடவில்லை. நடுவிலுள்ள பெரிய புல்வெளிச் சதுக்கத்துக்கு அடியிலும் கல் செதுக்கிய சில்லுகளைத் தடிமனாகப் பரப்பியிருக்கிறார்கள். சிற்பியின் கழிவே வடிகாலாகிவிட்டது. சுவர்களின் அடியிலும் நடைபாதை ஓரங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட வடிகால் துளைகள் இருக்கின்றன. அடுத்த முறை செல்பவர்கள் குனிந்து பாருங்கள்.

குடிநீருக்கு மச்சு பிச்சு மலையின் வடசரிவில் ஓர் ஊற்று. அங்கிருந்து 749 மீட்டர் நீளத்துக்குக் கல்வாய்க்கால் ஒன்று சீரான சாய்வில் ஊருக்குள் வருகிறது; வந்ததும் படிக்கட்டை ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு நீர்த்தாரைகளில் விழுகிறது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் சுவரோடு வழிந்துவிடாமல் கல்லின் விளிம்பில் வெட்டிய காடி வழியே தாவி விழும். குறுகிய கழுத்துள்ள குடத்தை நேராக அடியில் வைத்து நிரப்பலாம். அந்தத் தாரைகளின் எதிரே நான் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். காவலர் வந்து நகரச் சொல்லும்வரை எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

---

பழஞ்சுவடி எழுதியது:

நீர்வழி ஐயா எழுதியதைப் படித்த பிறகு யார், எப்போது என்பதைச் சொல்வது எளிதாகிறது. அந்தப் பதினாறு தாரைகளில் முதலாவது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அரசருடைய இல்லம் என்று ஆய்வாளர் கருதும் கட்டடத்தை ஒட்டி. தூய நீர் முதலில் அரசருக்கு, பிறகு மற்றவர்களுக்கு. அந்த ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை வாய்க்காலே சொல்கிறது.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து, இது பச்சாகுத்தெக் என்ற ஒன்பதாம் இன்கா மன்னரின் சொந்தப் பண்ணை அரண்மனை என்பதாகும். ‘பச்சாகுத்தெக்’ என்றால் உலகைப் புரட்டியவர் என்று பொருள். கூஸ்கோவைச் சுற்றியிருந்த சிறிய அரசைப் பேரரசாக்கியவர் அவர். 1568இல் எழுதப்பட்ட ஒரு ஸ்பானிய நில ஆவணம், அந்தப் பள்ளத்தாக்கின் நிலங்கள் அவருக்கு உரியவையாக இருந்தன என்று குறிப்பிடுகிறது. அதில் ‘பிச்சு’ என்ற பெயரும் வருகிறது. ஜான் ரோவ் என்ற ஆய்வாளர் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டிய பிறகுதான் புகலிடம், கன்னி மாடம் என்ற பழைய ஊகங்கள் பின்வாங்கின.

காலத்தைப் பொறுத்தவரை, பச்சாகுத்தெக் அரியணை ஏறியது 1438 என்று ஸ்பானியர் காலக் குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள்; ஆகவே ஊர் 1450 அளவில் எழுந்திருக்கும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2021இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பர்கரும் அவருடைய குழுவினரும் 26 பேருடைய எலும்புகளையும் பற்களையும் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்து, ஏறத்தாழ 1420 முதல் 1530 வரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று வெளியிட்டார்கள். அப்படியானால் மன்னரின் ஆட்சியும் நாம் எண்ணியதைவிட முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். இன்காக்களிடம் எழுத்து இல்லை. கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைக்கும் ‘கிப்பு’ இருந்தது. ஆகவே அவர்களுடைய காலவரிசையை ஸ்பானியர் கேட்டு எழுதியதிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில் எப்போதும் இந்த ஆபத்து உண்டு. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. ஒரு பல்லும் ஓர் எலும்பும் ஏட்டைத் திருத்த முடியும் என்பதை அவர்கள் அறியட்டும்.

ஏன் கைவிடப்பட்டது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இன்கா மன்னர் இறந்தாலும் அவருடைய சொத்து அடுத்த மன்னருக்குப் போகாது. அவருடைய வழித்தோன்றல்கள் அதைப் பேணி, பதப்படுத்தப்பட்ட அவர் உடலுக்கு உணவு படைத்து வந்தார்கள். அரச குடும்பம் வந்து தங்கும் பருவத்தில் அந்த ஊரில் 750 பேர் அளவில் இருந்திருப்பார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அவ்வளவு பேருக்கு அந்த அடுக்கு வயல்களின் விளைச்சல் போதாது. வெளியிலிருந்துதான் உணவு வரவேண்டும். 1532 நவம்பரில் கஹமார்க்கா என்ற ஊரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா மன்னர் அத்தாவல்பாவைச் சிறைப்பிடித்து, மறு ஆண்டு கொன்ற பிறகு, அந்த ஏற்பாடு அறுந்துபோயிற்று. உணவு வரவில்லை, ஏவலரும் தம் ஊர்களுக்குத் திரும்பியிருப்பார்கள். ஸ்பானியர் அந்த ஊரைக் கொள்ளையிட்டதற்கான தடயம் இல்லை. போர் அந்த ஊரை அழிக்கவில்லை. அதைத் தாங்கிய அரசு அழிந்ததால் அது வெறுமையாயிற்று.

கடைசிப் புகலிடமான வில்கபம்பா வேறு ஊர். கீழே காட்டுப் பகுதியில் எஸ்பிரிட்டு பம்பா என்ற இடத்தில் இருக்கிறது. அங்கேதான் 1572வரை இன்கா அரசு தாக்குப்பிடித்தது. பிங்காம் 1911இல் அந்த இடத்துக்கும் போனார். செடிகொடி மூடியிருந்ததால் அதன் அளவை உணரவில்லை.

---

கரிசல்மகன் எழுதியது:

இந்த இழையைப் படிக்கப் படிக்க ஆவல் மிகுகிறது. வரும் செப்டம்பரில் என் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போகத் திட்டமிட்டிருக்கிறேன். அம்மாவுக்கு 66 வயது, நன்றாக நடப்பார், முழங்கால் மட்டும் சற்றுத் தொந்தரவு. உதகையில் அவருக்கு எந்தச் சிரமமும் ஏற்பட்டதில்லை. மச்சு பிச்சு அதைவிடச் சற்றுத்தானே உயரம்? எந்த நுழைவுச்சீட்டை வாங்குவது என்றும் தெரியவில்லை. பல வகைகள் இருக்கின்றன. மலைமேகம் அக்கா வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மலைமேகம் எழுதியது:

தம்பி, மச்சு பிச்சுவின் உயரம் சிக்கல் இல்லை. வழியிலுள்ள கூஸ்கோதான் சிக்கல். கூஸ்கோ 3400 மீட்டர். விமானத்திலிருந்து இறங்கியதும் எனக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வந்து, முதல் இரவு தூங்கவே முடியவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராக, கூஸ்கோவைவிடத் தாழ்வான புனிதப் பள்ளத்தாக்குக்கு (உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு) இறங்கி, ஒயந்தாயிதாம்போ போன்ற ஊரில் இரண்டு இரவு தங்கி, மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கூஸ்கோவுக்கு வருவது நல்லது. விடுதிகளில் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். எனக்கு இதமாக இருந்தது. புறப்படும் முன் அம்மாவுடைய மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

ஒயந்தாயிதாம்போவிலிருந்து ரயிலில் மலையடியிலுள்ள அகுவாஸ் காலியெந்தெஸ் என்ற ஊர், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் அரை மணி நேரம். உள்ளே கழிப்பறை கிடையாது. வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடியும் நுழைய முடியாது. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். நுழைவுச்சீட்டிலுள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அடியில் ரப்பர் பொருத்திய கைத்தடியை முதியவர்களுக்கு அனுமதிக்கிறார்கள். படிகள் உயரம் சமமில்லாதவை. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை.

2024 முதல் மூன்று சுற்றுப்பாதைகளும் அவற்றுள் பத்து வழிகளும் என்று பிரித்திருக்கிறார்கள். நாங்கள் முதல் நாள் இரண்டாம் சுற்றிலும் மறுநாள் மூன்றாம் சுற்றிலும் போனோம். அம்மாவுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் நான் இரண்டைச் சொல்லுவேன். மேலிருந்து முழு ஊரையும் பார்த்துவிட்டு உள்ளே இறங்கலாம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு என்பதால் உங்கள் மாதம் நல்ல தேர்வு.

---

திசைகாட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லைப் பிங்காமுக்குக் கொடுக்கக் கூடாது என்று பலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அந்த மலையில் உழவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அளந்து, வரைபடம் தீட்டி, புகைப்படம் எடுத்து, 1912இல் மீண்டும் வந்து காட்டை அகற்றி, 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கும் அளவுக்கு உலகின் கவனத்தை ஈர்த்தவர் அவரே. ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு; அது என்ன என்று உணர்வது வேறு. அவர் அதை வில்கபம்பா என்று தவறாக எண்ணினார் என்பதற்காக அவருடைய உழைப்பைக் குறைத்துவிட முடியுமா? மனம் புண்படும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி என்னை உண்மையாகவே உறுத்துகிறது.

---

பழஞ்சுவடி எழுதியது:

நண்பரே, நல்ல கேள்வி. பிங்காமின் உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் 1911 ஜூலை 24 அன்று நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். மழை தூறிய காலை. மெல்ச்சோர் ஆர்த்தேகா என்ற உள்ளூர் உழவர் ஒரு சோல் (பெரு நாணயம்) கூலிக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டார். கட்டைகளைக் கட்டிப் போட்ட பாலத்தைப் பிங்காம் தவழ்ந்து கடந்தார். மேலே ஏறியதும் ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் என்ற இரண்டு குடும்பங்கள் சுரைக்குடுவையில் குளிர்ந்த தண்ணீரும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்து உபசரித்தன. அவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தது இன்காக்களின் அதே அடுக்கு வயல்களில். அங்கிருந்து இடிபாடுகளுக்கு அவரை அழைத்துச் சென்றது அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன். நீர்வழி ஐயா எழுதிய வடிகட்டி வயல்கள் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சோறு போட்டுக்கொண்டிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஊர் தொலைந்துபோனது என்று அந்தக் குடும்பங்களிடம் யார் சொல்ல முடியும்?

அதற்கும் முன்பு, 1902 ஜூலையில், அகுஸ்தீன் லிசாராகா என்ற உழவர் மூன்று சன்னல் கோயிலின் சுவரில் தம் பெயரையும் ஆண்டையும் கரியால் எழுதிவைத்தார். பிங்காம் அதைப் பார்த்தார். மச்சு பிச்சுவைக் கண்டறிந்தவர் லிசாராகா என்று தம் குறிப்பேட்டிலும் எழுதினார். பிற்கால எழுத்துகளில் அந்தப் பெயர் தேய்ந்து மறைந்தது. சுவரிலிருந்த எழுத்தும் அழிக்கப்பட்டது. 1874இல் ஹெர்மன் கோரிங் வரைந்த நிலப்படத்தில் மச்சு பிச்சு, வாய்னா பிச்சு என்ற இரண்டு பெயர்களும் மலைகளின் பெயர்களாக இருக்கின்றன. பிரெஞ்சுப் பயணி சார்ல் வீனரும் 1875இல் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார்.

ஆகவே ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட ‘உலக ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்’ என்பது நீளமானாலும் சரியான சொல். பெயரிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. தொனாத்தோ அமாதோ, பிரையன் பவர் ஆகிய இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களையும் நிலப்படங்களையும் ஒப்பிட்டு, இன்காக்கள் இவ்வூரைப் பிச்சு என்றோ வாய்னா பிச்சு என்றோதான் அழைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நாம் சொல்லும் பெயர் பக்கத்து மலையின் பெயராக இருக்கக்கூடும்.

---

வெண்கலம் எழுதியது:

மலைமேகம் அம்மா குறிப்பிட்ட ‘கன்னியர்’ பற்றி யாரும் எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன்.

பிங்காமின் குழுவிலிருந்த ஜார்ஜ் ஈட்டன் அந்த எலும்புகளை ஆராய்ந்து, பெரும்பாலானவை பெண்களுடையவை என்று முடிவு செய்தார். ஆண்டீஸ் மக்களின் எலும்புகள் அவர் பழகிய எலும்புகளைவிடச் சிறியவை, மென்மையானவை; அதுவே அவரை ஏமாற்றியது. பிற்காலத்தில் ஜான் வெரானோ என்ற மானிடவியலாளர் அதே தொகுப்பை மறுபடியும் ஆராய்ந்தபோது பெண்களோடு ஆண்களும் நிறையப் பேர் இருப்பதும், குழந்தைகள் இருப்பதும் தெரியவந்தது. அங்கே புதைக்கப்பட்டவர்கள் அரசர்களும் அல்லர். அரசர்கள் கூஸ்கோவுக்கே எடுத்துச்செல்லப்பட்டிருப்பார்கள். ஏவல் செய்தவர்களும் கைவினைஞர்களும்தான் இந்த மண்ணில் தங்கினார்கள்.

2023இல் வெளியான மரபணு ஆய்வைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. மச்சு பிச்சுவில் புதைக்கப்பட்ட 34 பேருடைய மரபணுக்களைப் பார்த்தால் அவர்கள் பேரரசின் மூலைமுடுக்கெல்லாமிருந்து வந்தவர்கள்: கடற்கரை, வடக்கு மலைப்பகுதி, அமேசான் காடு. சொந்த ஊரிலிருந்து எடுத்து அரச குடும்பத்தின் பணிக்கு வாழ்நாள் முழுவதும் அமர்த்தப்பட்ட ‘யானக்கோனா’ என்ற பிரிவினர் அவர்கள். அத்தனை பேருக்குள் நெருங்கிய இரத்த உறவு என்று காணப்பட்டது ஒரு தாயும் மகளும் மட்டுமே. மற்ற எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள். வேறு வேறு மொழி பேசிக்கொண்டு வந்து, ஒரே குன்றில் வாழ்ந்து, அங்கேயே மண்ணானவர்கள். பச்சாகுத்தெக்கின் பெருமையைப் பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். மன்னருடைய பெயர் நமக்குத் தெரியும். இவர்களுடைய ஒரு பெயர்கூடத் தெரியாது.

இந்த எலும்புகளும் பானைகளும் நூறு ஆண்டுகள் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தன. குறிப்பிட்ட காலத்துக்கு ஆராயக் கொடுத்தோம் என்பது பெருவின் வாதம். நெடிய வழக்குக்குப் பிறகு 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011 முதல் அவை கூஸ்கோவுக்குத் திரும்பின. காசா கொன்ச்சா என்ற பழைய மாளிகையில் அவற்றுக்கென அருங்காட்சியகம் இருக்கிறது. கரிசல்மகன் தம்பி, பயணத்தின் முடிவில் கூஸ்கோவில் இருக்கும்போது அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். பெரும்பாலானோர் அதைத் தவறவிடுகிறார்கள்.

---

திசைகாட்டி எழுதியது:

பழஞ்சுவடி அவர்களுக்கு நன்றி. பிங்காம் தம் குறிப்பேட்டில் லிசாராகாவின் பெயரை எழுதிவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வாதத்தின் பாதியை நானே திரும்பப் பெறுகிறேன். படமெடுத்ததும் வரைந்ததும் அவருடைய பெருமை. முதலில் கண்டது அவருடையது அன்று.

வேறொன்று கேட்கிறேன். இந்திவத்தானா என்ற கல், சூரியனைக் கட்டிவைக்கும் கம்பம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அது சூரியக் கடிகாரம்தானா?

---

பழஞ்சுவடி எழுதியது:

அந்தப் பெயர் இன்காக்கள் காலத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பாறையிலேயே செதுக்கி எழுப்பிய கல் அது. நேரம் பார்க்கும் கடிகாரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னாலுள்ள மலைச் சிகரங்களோடு அதை இணைத்து வழிபாட்டுப் பொருளாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூரியனைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் சூரியக் கோயில் என்ற அரைவட்டக் கட்டடம். ஜூன் மாதத்தில், அங்கே குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டி, உதயக் கதிர் அதன் சன்னல் வழியாக உள்ளே இருக்கும் பாறையின் மேல் விழுகிறது. 2000 செப்டம்பரில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சாய்ந்து இந்திவத்தானாவின் ஒரு விளிம்பு உடைந்தது. ஐந்து நூற்றாண்டு நிலநடுக்கங்களைத் தாங்கிய கல் ஒரு பிற்பகலில் உடைந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கயிறு கட்டி, காவலர் நிறுத்தி, நேரம் குறித்து உள்ளே விடுவதை யாராவது குறை சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

---

மலைமேகம் எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பாடத்தை அரசரிலிருந்து தொடங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கண்ணாடித் தொட்டியில் பெரிய கல், சரளை, மணல், மண் என்று அடுக்கி, பிள்ளைகள் கையாலேயே தண்ணீர் ஊற்றச் சொல்லப்போகிறேன். பக்கத்தில் வெறும் மண் மட்டும் நிரப்பிய இன்னொரு தொட்டி. அதன் பிறகு அந்தத் தாயையும் மகளையும் பற்றிப் பேசுவேன்.

நீர்வழி ஐயாவிடம் ஒரு சந்தேகம். மூன்று சன்னல் கோயிலுக்கு அருகே முதன்மைக் கோயில் என்ற கட்டடத்தில் ஒரு மூலை நன்றாகச் சரிந்து, கற்களுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் அங்கே எப்படித் தவறவிட்டார்கள்?

---

நீர்வழி எழுதியது:

நானும் அந்த மூலையின் எதிரே வெகுநேரம் நின்றேன் அம்மா. கல்வேலையில் குறை இல்லை. அடியிலுள்ள நிலம் அமிழ்ந்துவிட்டது. பின்சுவரின் கற்கள் இன்றும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தியிருக்கின்றன என்று பார்த்தால் இது விளங்கும். மேலே எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடிநிலம் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் சுவர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். என் பணிக்காலத்தில் எனக்கும் அப்படி ஒரு சுவர் உண்டு. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பேன். தொட்டிச் சோதனையில் பெரிய கல்லைக் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. தொட்டியின் அடியில் ஒரு துளையும் வேண்டும்.

அந்தக் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஊருக்குள்ளேயே கற்சுரங்கம் இருக்கிறது; பார்த்திருப்பீர்கள். பாதி தட்டிய கற்கள் அப்படியே கிடக்கின்றன. மூன்று சன்னல் கோயிலும் முடிக்கப்படவில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை நின்றுபோன ஊர் அது.

---

கரிசல்மகன் எழுதியது:

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரசர் கதையை அமைதியாகக் கேட்டார்; வாய்க்காலும் பதினாறு தாரைகளும் வந்தபோது நிறுத்தச் சொல்லி மறுபடியும் படிக்கச் சொன்னார். சிறுவயதில் இரண்டு கல் தொலைவு நடந்து குடத்தில் தண்ணீர் சுமந்தவர் அவர். “அந்தத் தண்ணீர் இன்னும் விழுகிறதா என்று கேள்” என்றார். விழுகிறதா அக்கா?

---

மலைமேகம் எழுதியது:

விழுகிறது தம்பி. வாய்க்காலைச் செப்பனிட்டு அதே ஊற்று நீரைத்தான் விட்டிருக்கிறார்கள். கூட்டம் சற்று நகர்ந்ததும் அந்தச் சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்கும். ஆனால் தாரைகளை ஒட்டிச் செல்வது மூன்றாம் சுற்றுப்பாதை. நான் முன்பு உங்களுக்குச் சொன்னது இரண்டை. அம்மாவுக்காக மூன்றையே வாங்குங்கள்.